போட்டோ அனுப்பாமல் வாங்கிய மீன்கள்

ஜூன் 8, ஞாயிறு

ஷ்யாமளா காலை ரயிலில் பெங்களூர் கிளம்பினாள். ஜூலை முதல் வாரம் ஸ்ரீலேகாவுக்குப் பிரசவம். மகளுடன் மூன்று மாதமாவது இருந்துவிட்டுத்தான் திரும்புவாள்.

கேஸ், பால்காரர், என் பிரஷர் மாத்திரை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் அறிவுரை. மீன்தொட்டிக்கு ரயில் நகரும்வரை.

"ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு சிட்டிகை. பாவம்னு இன்னொண்ணு போடாதீங்கோ. தொட்டி மூடி மேல நியூஸ்பேப்பரை வைக்காதீங்கோ."

பதினொரு வருஷமாக ஹாலில் இருக்கும் மூன்றடித் தொட்டி. உள்ளே எத்தனை மீன் என்று இன்றுதான் எண்ணினேன். நீலக் கோடும் சிவப்பு வாலுமாக நியான் டெட்ரா பன்னிரண்டு. தேன்நிறத்தில் ஒரு கிழட்டு கௌராமி. அதற்கு அவள் வைத்த பெயர் மாமி.

ஜூன் 10, செவ்வாய்

தொட்டியை வீடியோ எடுத்தேன். நன்றாக வந்திருந்தது. அனுப்ப மறந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

போனில் ஷ்யாமளா: "அடியில விழற தீனி வீணாப் போறது. அடிமட்டத்துக்கு சின்னக் கெளுத்தி கொஞ்சம் விடணும்னு ரொம்ப நாளா நினைச்சுண்டிருக்கேன். வந்தப்பறம் பாத்துக்கலாம்."

"நான் வாங்கறேனே" என்றேன்.

"நீங்களா?" சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "சரி. ஆனா வாங்கறத்துக்கு முன்னாடி போட்டோ அனுப்புங்கோ."

அந்த 'நீங்களா' சாயந்திரம்வரை காதிலேயே இருந்தது. தப்பில்லைதான். அவள் மீன் பற்றிப் பேசிய சாப்பாட்டு வேளைகளில் எல்லாம் நான் பேப்பரைத்தானே படித்துக்கொண்டிருந்தேன்?

ஜூன் 15, ஞாயிறு

நாள் முழுக்கப் படித்தேன். மாநகராட்சி பட்ஜெட்டைப் படிக்கிற மாதிரி, அடிக்குறிப்பு விடாமல்.

கண்ணாடிக் கெளுத்தி: முள் எல்லாம் வெளியே தெரியும், அழகு. ஆனால் நடுத்தண்ணீரில் நிற்கும், அடியைத் தொடாது. ஓட்டோ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒன்று பாசியைத் தின்னும். சுத்தமான தொட்டியில் பட்டினி கிடந்து செத்துப்போகுமாம். ஷ்யாமளாவின் தொட்டி அவ்வளவு சுத்தம். சக்கர் எங்கும் கிடைக்கிறது, மலிவு. கடைசியில் முழங்கை நீளம் வளர்ந்து நிற்கும். மிஞ்சுவது கோரி. இரண்டு அங்குலம், தட்டை வயிறு, மீசையால் மணலைத் துழாவும், யார் வம்புக்கும் போகாது. தனியாக விட்டால் ஒடுங்கிவிடும்; குறைந்தது ஆறு வேண்டும்.

இவ்வளவு தெரிந்த பிறகு போட்டோ எதற்கு? வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் 21, சனி

சுனாபட்டி வடிகால் வேலையைப் பார்க்க எங்கள் பத்திரிகை போட்டோகிராபர் மாரிக்கண்ணனோடு போனேன். திரும்பும் வழியில் ஸயன் பக்கம் ஒரு வளர்ப்புமீன் கடை. ராஹில் என்ற இளைஞன் நடத்துகிறான். கோரி மழை முடிந்துதான் வருமாம். வேறு தொட்டி ஒன்றைக் காட்டினான். வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் கறுப்புக் கோடுகள், நீண்ட மீசை. நாலு இருந்தன.

"யே பி கோரி ஜைஸா ஹி ஹை, அங்கிள். உங்லி ஜித்னா, பஸ்." இதுவும் கோரி மாதிரிதான்; விரலளவு, அதோடு நின்றுவிடும்.

ஒருவன் பேச்சை மட்டும் நம்பி நான் எதையும் எழுதியதில்லை. செம்பூரில் இதே மாதிரி மீன்கடை வைத்திருக்கும் கரீம் பாட்சாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, கூப்பிட்டுக் கேட்டேன்.

"பயப்படாதீங்க சார். விரலளவுதான். அதுக்கு மேல போவாது."

மாரிக்கண்ணன் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது கெளுத்தில்லா? எங்க ஊரு வாய்க்கால்ல கிடக்கும். புளியக் கரைச்சு ஊத்தி குழம்பு வச்சம்னா..." என்று ஆரம்பித்தான்.

"உனக்கு எதைப் பார்த்தாலும் குழம்புதான்."

"நீங்க மீனு திங்காத ஆளு. உங்களுக்கு எல்லாமே பொம்மைதான்."

நாலையும் வாங்கினேன்.

போட்டோ கரீம் பாட்சாவுக்குப் போனது. ஷ்யாமளாவுக்குப் போகவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூலை 3, வியாழன்

பெண் குழந்தை. இருவரும் நலம். ஷ்யாமளா போனில் அழுதாள். நானும்தான்.

ஜூலை 13, ஞாயிறு

நியான் ஒன்பதுதான் தெரிகிறது. செடிக்குப் பின்னால் இருக்கலாம். ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். இல்லை. கெளுத்திகள் நாலும் நன்றாகத் தேறியிருக்கின்றன.

ஜூலை 26, சனி

காலையில் விளக்கைப் போட்டேன். பெரிய கெளுத்தியின் வாயிலிருந்து ஒரு சிவப்பு வால் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் அசைந்தது.

ஐந்துதான் பாக்கி. மாமி மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

விரலளவு மீன் நியானை விழுங்காது என்று எவன் சொன்னான்? யாருமே சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவே இல்லை. எவ்வளவு வளரும் என்றுதான் கேட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

"தொட்டியை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கோ. பாத்து எத்தனை நாளாச்சு!"

சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். பின்னால் குழந்தை வீறிட்டது. ஷ்யாமளாவின் குரல் கம்மியிருந்தது. தூக்கமே இல்லையாம்.

ஜூன் பத்தாம் தேதி எடுத்த வீடியோவை அனுப்பினேன். பன்னிரண்டு நியான், நடுவில் மாமி.

"அழகா வெச்சுண்டிருக்கேள்!" என்று பதில் வந்தது.

பழைய படத்தை இன்றைய படம் என்று போட்ட பையனை ஒருதடவை ஆபீசில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன். 'கோப்புப் படம்' என்று அடியில் ரெண்டு வார்த்தை போட உனக்கு என்னடா கஷ்டம் என்று. என்ன கஷ்டம்?

ஆகஸ்ட் 2, சனி

கெளுத்திகளைப் பிடித்தேன். பக்கத் துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொண்டது. எடுக்கப் போனால் விரலில் குத்தியது. வீங்கிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணல்.

பக்கெட்டோடு டாக்ஸியில் ஸயன். ராஹில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான். "செம்பூரில் கரீம் பாட்சாவும் இதையேதான் சொன்னார்" என்றேன்.

"ஸஸுர் ஹை மேரா, அங்கிள்!" என்று சிரித்தான். மாமனார். இவனுக்குச் சரக்கு அனுப்புவதே அவர்தானாம். இந்த நாலும் அவர் கடையிலிருந்து வந்தவை.

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். விரலளவு. இரண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால் எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கேள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அந்த மூன்றாவது ஆள் பக்கத்திலேயே நின்று குழம்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவனை அதட்டினேன். நாலாவது ஆள் பெங்களூரில், போட்டோவுக்காகக் காத்திருந்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று நியான். மாமி. வேறு யாரும் இல்லை.

புதிதாக ஒன்பது வாங்கி விட்டுவிட்டால்? கடை வாசல்வரை போய்த் திரும்பினேன். ஒரு பொய் போதும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தெருவெல்லாம் மேளம். இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். "சத்தத்துல ஒண்ணும் கேக்கலை, அப்பறம் பேசறேன்" என்று அவளே வைத்துவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சீ.

செப்டம்பர் 14, ஞாயிறு

தாதரில் இறங்கினாள். இளைத்திருக்கிறாள். டாக்ஸியில் குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று பேசினோம். மாட்டுங்காவில் எங்கள் வீடு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நினைத்தேன். பச்சை விழுந்துகொண்டே இருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே தொட்டிக்குப் போனாள்.

"மூணுதானா?"

சொன்னேன். தேதி வாரியாக, எதையும் விடாமல். என் வாழ்க்கையில் எழுதிய எந்தச் செய்தியும் அவ்வளவு கோர்வையாக இருந்ததில்லை. கடைசியில்தான் கேட்டாள்.

"அந்த வீடியோ?"

"ஜூன்ல எடுத்தது."

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மீன் செத்துப்போறது சகஜம். நானே எத்தனையோ கொன்னிருக்கேன். பாப்பா தூங்காம படுத்தற ராத்திரியெல்லாம் மடியில வெச்சுண்டு அந்த வீடியோவைத்தான் பாத்துண்டிருந்தேன். ஆத்துல எல்லாம் சரியா இருக்குன்னு." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "போட்டோ கேட்டேனே" என்றாள்.



செப்டம்பர் 21, ஞாயிறு

பேசுகிறாள். காய் என்ன வேண்டும், மாத்திரை போட்டாச்சா. மீன் பற்றி மட்டும் பேச்சே எடுப்பதில்லை. இத்தனை வருஷம் அவள் பேசினாள், நான் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தயாராக எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மத்தியானம் ஆபீஸிலிருந்து வந்தபோது ஹாலில் தொட்டித் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்துகொண்டிருந்தது. ஆறு கோரி. தனியாகப் போய் வாங்கி வந்திருக்கிறாள். எங்கே என்று கேட்டேன். "ஒரு இடத்துல" என்றாள்.

பையை மெதுவாகத் திறந்துவிட்டாள். ஆறும் அடிக்குப் போய், கொஞ்சம் தயங்கி, மணலில் மீசையை வைத்தன. ஒன்று நகர்ந்தால் ஐந்தும் நகர்ந்தன. மாமி மூலையை விட்டு இறங்கி வந்து பார்த்தது. இரண்டு அங்குலம், தட்டை வயிறு. நான் படித்ததெல்லாம் சரிதான்.

"ஸ்ரீலேகாவுக்குக் காட்டணும்" என்றாள்.

"நான் எடுக்கறேன்" என்று போனை வெளியே எடுத்தேன்.

"இருக்கட்டும். நானே எடுத்துக்கறேன்."

கண்ணாடியில் என் நிழல் விழாமல் தள்ளி நின்றேன்.