பின்கதவில் பெரிய டயர்

ஜூலை 10, வியாழன்

ஏழு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாதிதான். காது கம்மல் ஒன்று காணோம். ரூபன் அண்ணனின் வீல்சேர் முதுகில் சிவப்பு எழுத்தில் 'எல்' போர்டு ஒட்டினேன். பார்த்தான். கிழித்தான். சிரிக்கவில்லை.

அவன் இடது கால் ஆறவே இல்லை. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கம்பிகளைச் சுற்றிச் சீழ். மடக்க முடியாது, பலகை மாதிரி நீட்டியபடியே. திங்கட்கிழமை பெரிய டாக்டர் பார்த்து, காலைக் காப்பாற்ற முடியுமா, எடுக்க வேண்டுமா என்று சொல்வார். அம்மா அதை வாயால் சொல்வதில்லை. 'மண்டே செக்கப்' என்கிறாள், ஏதோ பல் பிடுங்கப் போகிற மாதிரி.

ரிப்பேர் பார்த்து வந்த ஜீப்பிலேயே கூட்டிப் போகலாம் என்று அப்பாவுக்கு ஆசை. விபத்துக்குப் பிறகு அவரும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் நான்தான். அஞ்சல் துறை, ஹால் கிளை.

"அப்பா ஜீப்ல போலாங்கிறார்."

"பெரிய ஸ்டெப்னிய மாட்டச் சொல்லு. அப்புறம் ஏறுறேன்."

டெலிவரி செய்தேன். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாலு சக்கரத்துக்கும் அண்ணன் ஆசைப்பட்டுப் பெரிய டயர் போட்டபோது, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி மட்டும் பழைய சின்னது. அப்பாவின் உத்தரவு. "சும்மா தொங்குறதுக்கு எதுக்குடா பெருசு? கதவு தாங்காது." மறைமலை நகர் தாண்டி, நல்ல மழையில், பின் டயர் பஞ்சர். அண்ணன் அந்தச் சின்னதை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பிரேக் அடித்தபோது ஜீப் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நடுத்தடுப்பில்.

அவ்வளவுதான். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். மறுபடியும் பீர்க்கங்காய்.

ஜூலை 11, வெள்ளி

மேகம். மழை இல்லை. டயர் வந்துவிட்டது. ஹாலில் சோபா பக்கத்தில், விருந்தாளி மாதிரி. புது ரப்பர் நாற்றம். "டயரைப் பாத்தாலே டயர்டா இருக்கு" என்றேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள், பாதியில் விட்டுவிட்டாள். இந்த வீட்டில் அடி விழுவதும் நின்றுபோச்சு.

ஜூலை 12, சனி

அப்பாவுடன் இரும்புலியூர், குமார் அண்ணன் வெல்டிங் கடை. பழைய ஸ்டாண்டில் வைத்தால் டயர் பம்பரில் இடிக்கிறது. ஸ்டாண்டை ஒரு சாண் மேலே ஏற்றினார். இப்போது பின்கண்ணாடி மறைந்துவிட்டது. கதவைத் திறந்தால் கீல் எடை தாங்காமல் தொங்குகிறது, மூடினால் கொக்கி மாட்ட மாட்டேன் என்கிறது.

"இன்னா சார், டயரு யானையாட்டம் கீது, கீலு பொட்டிக்கடை கீலு. புச்சு வாங்கணும். வர நாலு நாளாவும்."

"திங்கக்கிழமை காலைல வேணும்பா."

"அப்ப பம்பர்லேர்ந்து ஒரு சப்போர்ட் குடுத்து வெல்டு வெச்சிர்றேன். அசையாது. ஆனா கதவு தெறக்காது சார்."

"தெறக்க வேணாம். ஆடாம இருந்தா போதும்."

"பின்கதவுக்கு ஆயுள் தண்டனை" என்றேன். குமார் அண்ணன் சிரித்தார். அப்பா வெல்டிங் வெளிச்சத்தையே வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கண்ணு போய்டும், திரும்பிக்கோ" என்று அவர் கத்திய பிறகுதான் திரும்பினார்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச். ஜெபத்தில் அண்ணன் பெயர் சொன்னார்கள். பின்வரிசை ஆன்ட்டி: "கால் இல்லாட்டி என்னம்மா, உயிர் இருக்கே." அம்மா தலையாட்டினாள். நான் அந்த ஆன்ட்டி செருப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தேன்.

சாயந்திரம் அண்ணன் வாசல்வரை வந்தான். ஊன்றுகோலால் டயரைக் குத்தினான். அசையவில்லை. அப்பா ரெண்டடி தள்ளி நிற்கிறார்.

"ஏய் வாலு, ஏறுறேன்னு சொல்லு."

"அப்பா, ஏறுவானாம்."

"கேட்டுச்சு."

கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஜூலை 14, திங்கள்

புழுக்கம். பத்து மணிக்கு டாக்டர்.

முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளியாச்சு. அண்ணனை உட்கார வைத்தால் குதிகால் கதவுக்கு வெளியே நிற்கிறது. பக்கக் கதவு வழியாகப் பின்சீட், அதுவும் இல்லை. கம்பி இடித்ததில் அண்ணன் கத்திய கத்தலுக்கு எதிர்வீட்டு நாய் உள்ளே ஓடிவிட்டது.

"பின்னாடி தெறங்க, படுக்க வெச்சிடலாம்" என்றாள் அம்மா.

அப்பா வெல்டு வைத்த பின்கதவைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. சனிக்கிழமை அப்பா மனசில் அண்ணன் முன்சீட்டில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் நின்ற எனக்கும்தான் தோன்றவில்லை.

குமார் அண்ணன் போன் எடுக்கவில்லை. "ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றாள் அம்மா. "வேணாம்மா" என்றான் அண்ணன். அப்பா ரம்பம் கொண்டுவந்தார். வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் மண்டியிட்டு அறுத்தார். பிளேடு ஒடிந்தது. பக்கத்து வீட்டில் வாங்கி வந்தேன். தெருவே வேடிக்கை. அண்ணன் வீல்சேரில், அப்பாவின் முதுகைப் பார்த்தபடி. சட்டை முழுக்க இரும்புத்தூள்.

நட்டைக் கழற்றி டயரை இறக்கினோம். சப்போர்ட் விட்டதும் கதவு திறந்தது. மெத்தை போட்டு அவனை உள்ளே நகர்த்தினோம். டயரை வீட்டுக்குள் உருட்டப் போனேன்.

"எங்க தள்ளிட்டுப் போற? வண்டிக்குள்ள போடு. காலுக்கு உயரமா வேணும்" என்றான் அண்ணன்.

தலையணை வைத்து, அதன்மேல் கால். வேகத்தடை வரும்போதெல்லாம் அப்பா நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் நான் கும்பிடு போட்டேன்.

டாக்டர் நல்லவர். இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். முட்டிக்குக் கீழே. புதன்கிழமை. இன்றே அட்மிட்.

வார்டில் ஃபேன் ஓடுகிறது, காற்று இல்லை. அம்மா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை, தேடிப் பார்த்தேன்.

"அப்பா."

அண்ணன் வழக்கம்போல என்னிடம்தான் சேதி சொல்கிறான் என்று திரும்பினேன். இல்லை. அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"கிளட்ச் மிதிக்கிறது இடது கால்தானே?"

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்ப்பா."