முன்கூட்டியே போட்ட டிக்

வியாழக்கிழமை, தை கடைசி

எதிர்வீட்டு மல்லிகா அக்கா சாயங்காலம் போனோடு வந்தாங்க. அறுவடை மெஷினை எங்கள் கம்பெனி ஆப்பில்தான் புக் செய்திருக்காங்க. மெஷின் வந்து அறுத்ததாம். பின்னாலேயே இன்னொரு வண்டி வந்து வைக்கோல் முழுவதையும் கட்டுக் கட்டாகச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். அக்கா வீட்டில் மூன்று மாடு நிற்கிறது.

"வைக்கோல் வேணாம்னு நான் எங்கடி சொன்னேன்? எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. பாத்துச் சொல்லு."

அக்கா தப்பாக எதையும் அமுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில், பெரிய பச்சைப் பட்டனுக்குக் கீழே, 'வைக்கோலை நிறுவனம் எடுத்துக்கொள்ளச் சம்மதம்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு பொடி வரி இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தை வடிவமைத்தவள் நான்.

உடனே மேனேஜரைப் போனில் கூப்பிட்டு அந்த டிக்கை எடுத்துவிடலாம் என்றேன்.

"வேண்டாதவங்க டிக்கை எடுத்துடலாமே. நாம யாரையும் கட்டாயப்படுத்தலையே."

இதே வார்த்தையை, அந்தப் பக்கத்தை முடிவு செய்த மீட்டிங்கில் முதலில் சொன்னதே நான்தான். எரிச்சல் அவர் மேலா, என் மேலா, தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன். "உங்க மேல தப்பில்லக்கா. அந்த டிக்கை நான்தான் போட்டு வச்சேன்."

கத்துவாங்க என்று நினைத்தேன். அக்கா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்த வரியைத் தேடிப் படிச்சாங்க. பிறகு மெதுவாகக் கேட்டாங்க.

"நான் இதைப் பாக்கமாட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். அதற்காகத்தான் அங்கே வைத்தேன். அக்கா மாட்டுக்கு வைக்கோல் கேட்க நாத்தனார் வீட்டுக்குப் போயிட்டாங்க.