தெருமுனையில் நின்றுவிட்டேன்

இன்று காலை உன் பாடக்குறிப்பேட்டைத் திறந்தேன். தாள்களில் இன்னும் தைல வாசனை. தலைவலிக்கு நெற்றியில் தடவிய விரலோடுதான் எழுதியிருப்பாய். ‘பண்பாடு: எழுதப்படாத விதிகள்’ என்று தலைப்பிட்டுக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். நீ போன பிறகு, கல்லூரியில் உன் முதலாமாண்டு சமூகவியல் வகுப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பாடம். அதை வேறொரு நாளுக்குத் தள்ளிப்போட நேற்றிலிருந்தே வழி தேடினேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “எனக்குப் புருசன், புள்ள குட்டி இல்ல, கூடப்பொறந்தவுகளும் இல்ல. சித்தப்பா மகன் மூஞ்சி குடுத்துப் பேசி வருசக்கணக்காச்சு. நீயே எனக்குக் கொள்ளி வச்சிருடி.”

“பொம்பளைக சுடுகாட்டுக்கு வாரதில்லையேடி” என்றேன்.

“எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு? வகுப்புல நாம நடத்துறதுதான இது” என்று சிரித்தாய். வைக்கிறேன் என்று சொன்னேன்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் உன் ஊர். உன்னைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்ததும் பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் நடந்தேன். பத்தடி இருக்கும். முன்னால் போன ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அதட்டவில்லை, வழி மறிக்கவில்லை. உன் சித்தப்பா தணிந்த குரலில், “தாயி, நீங்க இம்புட்டுத் தூரம் வந்ததே போதும். மகன் பாத்துக்கிருவான்” என்றார். உன் விருப்பத்தை எடுத்துச் சொல்வதற்காகப் பஸ்ஸிலேயே நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என் வாயோ “சரிங்கய்யா” என்றது. உன்னோடு பேசாத அந்தத் தம்பிதான் உனக்குக் கொள்ளி வைத்தான்.

இன்று பந்தல்குடியிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். “எழுதாத விதிய மீறினா யாரு மேடம் தண்டிப்பாக?”

கேலி, ஊர்ப்பேச்சு, ஒதுக்கிவைத்தல் என்று உன் குறிப்பைப் பார்த்து வாசித்தேன். அவள் உட்காரவில்லை.

“யாரும் ஒண்ணும் சொல்லாமயே பயமா இருக்கே மேடம், அது எதுனால?”

சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பத்தடியைச் சொன்னேன். விதி ஊருக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன், அது என் காலுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்றேன்.

மணி அடித்ததும் எல்லோரும் போனார்கள். அவள் மட்டும் நின்றாள்.

“அம்மாவுக்கு ரொம்ப முடியல மேடம். நான் ஒத்தப் பொண்ணு. நான்தான் கொள்ளி வைக்கணும்னு அம்மா சொல்லுறாக. நீங்க கூட வருவீகளா?”

“வாரேன்” என்று சொல்லிவிட்டேன்.

அவளுடைய எண்ணைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். மத்தியானத்திலிருந்து மூன்று தடவை போன் அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவளோ என்று பயந்தேன். முதலில் எனக்காக, அதற்குப் பிறகுதான் அவள் அம்மாவுக்காக. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.