நைனாவின் இருமல் கோபிக்கு வந்த பிறகு

என் செல்ல நைனாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் மூச்சு தாராளமாகக் கிடைக்கிறதா? கிடைத்தால் கொஞ்சம் உட்கார்ந்து கேள். வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

கோவில்பதாகையில் அதே வீடுதான். உன் இருமலும் அதே வீட்டில்தான் இருக்கிறது. விடிந்ததும் குளியலறையிலிருந்து கேட்கும். முதலில் சின்னதாக இரண்டு, அப்புறம் அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒன்று, கடைசியில் காறித் துப்புகிற சத்தம். நீ போனதோடு நின்றிருந்தது, இப்போது திரும்ப வந்துவிட்டது. இருமுகிறவன் கோபி, உன் பிள்ளை.

ஆமாம், நீ செய்த அதே வேலைக்குத்தான் போனான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நீ நின்ற பட்டறை மூடிவிட்டது, இது வேறொன்று. ஆனால் வேலை அதேதான். காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்து இரும்பின் துருவை உரிக்க வேண்டும். வேண்டாம்டா என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நைனாவுக்கு வந்தது டிபி. அதுக்கு மணல் இன்னா பண்ணும்? உனுக்கு எல்லாத்துக்கும் பயம்க்கா" என்றான்.

என் வேலையைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஒரு கல்லூரிக்காரர்களின் ஆராய்ச்சிக்காக, வேலை மனுஷனின் உடம்பை என்ன செய்கிறது என்று ஆள் ஆளாகப் போய்க் கேட்கிறேன். பஸ் டிரைவருக்கு முதுகு, செம்பரம்பாக்கம் குடோனில் மூட்டை தூக்குகிறவருக்கு முட்டி. பூந்தமல்லி பிரியாணி மாஸ்டர் ஒருவர், "கரண்டி புடிச்ச கை தலைக்கு மேல ஏற மாட்டேங்குதும்மா, தலைவாரி உடறதே பொண்டாட்டிதான்" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். வாயாடி வாயாடி என்று திட்டுவாயே, அந்த வாய்தான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது.

அப்படித்தான் ஒருநாள் என் கூட வேலை பார்க்கும் ஷகிலாவும் நானும் ஒரு பட்டறைக்குள் நுழைந்தால், தலையெல்லாம் தூசி படிந்து வெள்ளையாக எதிரே நிற்கிறான் கோபி. சொந்தக்காரர்களிடம் நாங்களே கேள்வி கேட்கக் கூடாது. அதனால் ஷகிலா கேட்டாள், நான் ஒதுங்கி நின்றேன். மேஸ்திரி அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. போய்யா அந்தாண்டை என்று கத்தத் தோன்றியது.

"இருமல் இருக்குதாண்ணா?"

"இல்லீங்களே."

"மூச்சு வாங்குதா?"

"நல்லாத்தான் கீறேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான் பாரு, ஒரு பார்வை. இருமல் என்று வாயைத் திறந்தவனை மறுநாள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம். பிறகு சொன்னான்.

வேலை முடிந்து கிளம்பும்போது மேஸ்திரி ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டி வெல்லம் வைத்தான். உன் பட்டறையிலும் அப்படித்தானே? வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டின தூசி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்று எல்லாரும் நம்பினீர்கள். நீ பாதியை மென்றுவிட்டு மீதியைச் சட்டைப்பையில் போட்டு எங்களுக்குக் கொண்டுவருவாய். பல்லில் நறநறவென்று மணல் கடிபடும். அப்படியும் நானும் கோபியும் சண்டை போட்டுத் தின்போம். அம்மா உனக்கு வைத்தது போலவே கோபியின் சோற்று டப்பாவிலும் ஒரு துண்டு வைத்துத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வாடா என்று நான் போட்ட கூச்சலுக்கெல்லாம் அவன் அசையவில்லை. அசைத்தது அம்மா. ஒருநாள் காலையில் அவன் உள்ளே இருமிக்கொண்டிருக்கிறான். அம்மா அடுப்பில் பாலை வைத்துக்கொண்டே, திரும்பாமல், "இந்தாய்யா, சுடுதண்ணி வெச்சிகீறேன், குடி. பசங்க தூங்குதுங்க, மெதுவா இருமு" என்றாள்.

உன்னிடம் தினமும் சொல்வாளே, நீ போன பிறகு அவள் வாயில் வராத பேச்சு அது. கோபி ஈரத் தலையோடு வெளியே வந்து நின்றான். அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி வழிகிறது, அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. "எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டான் கோபி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் கையில் வாங்கும் முன்பே, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. உன்னை எத்தனை டாக்டர்கள் பார்த்தார்கள்! பீடி உண்டா, குடி உண்டா, வீட்டில் யாருக்காவது டிபி உண்டா? இந்த ஒரு கேள்வியை ஒருத்தராவது கேட்டார்களா? மாத்திரை மேல் மாத்திரை கொடுத்தார்கள், நீயும் நம்பி விழுங்கினாய்.

"இது டிபி இல்ல. நுரையீரல்ல மணல் தூசி தங்கியிருக்கு. தங்கினது வெளிய வராது. இனிமே ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகாதீங்க" என்றார். அம்மா விடவில்லை. "தெனமும் வெல்லம் குடுத்துதானே டாக்டர் அனுப்புறேன்?" என்றாள். "வெல்லம் வயித்துக்குப் போகுதும்மா. தூசி போற வழி வேற" என்றார் அவர், பொறுமையாகத்தான்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா, ஆவடி தாண்டியதும், "ஒங்க நைனாவுக்கும் அதத்தானே குடுத்தேன்" என்றாள். நான் என்னவென்று தேற்றுவது? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கோபி வேலையை விட்டுவிட்டான். இப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். "சும்மா ஒக்காந்துகினு கீறதெல்லாம் ஒரு வேலையா?" என்று பொருமுகிறான். மாடி ஏறினால் மூச்சிரைக்கிறது. இருமல் நிற்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா டிவியைச் சத்தமாக வைத்துவிடுகிறாள்.

போன வாரம், விட்டுவந்த சாமான்களை எடுக்கப் பட்டறைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தான். சோறு வேண்டாம் என்றான். "என் எடத்துல ஒரு ஒடிசாக்காரன் கீறான்க்கா. இப்பதான் கண்ணாலம் ஆச்சாம். என் துண்டயே மூஞ்சில கட்டிகினு நிக்கிறான். என்னைப் பாத்து சிரிக்கிறான்க்கா."

தம்பியை மீட்டுவிட்டேன் என்று கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தேன், நைனா. அவன் நின்ற இடம் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கவில்லை.

அந்த ஆள் அண்ணனூரில் நாலைந்து பேரோடு ஒரு அறையில் தங்கியிருக்கிறானாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் கோபியும் போகிறோம். கோபிக்கு அரைகுறையாக இந்தி வரும். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டான், வேலை போய்விடும் என்பான். கோபியை அவன் எதிரில் உட்கார வைப்பேன். கோபிக்கு இருமல் வருகிறவரை நாங்கள் எழுந்திருக்க மாட்டோம். அதை அவன் தன் காதால் கேட்கட்டும். கேட்டும் வராவிட்டால் அடுத்த ஞாயிறும் போவோம். உன் மேல் சத்தியம்.

உன் இருமல் கேட்டே தினமும் கண்விழித்து வளர்ந்த
உன் பெரிய மக,
தேவி