உன் கொழுந்தன் என் பயிற்சியில்

அன்புத் தங்கச்சிக்கு,

வயிற்றுப் பிள்ளையோடு நின்ற உன்னைக் கன்னிவாடி வீதியில் தள்ளிவிட்டானே உன் கொழுந்தன் அழகுராஜா, அவன் இப்போது நான் பயிற்சி தரும் ராணுவ முகாமில் புதுச் சிப்பாய்.

நேற்று துப்பாக்கிப் பயிற்சியில் அவன் சுட்ட முதல் குண்டு குறி தப்பியது. கால் ஒடியும்வரை அவனை ஓடவிட என் ஒரு வார்த்தை போதும். ஆனாலும் குனிந்து, அவன் தோளைச் சரிசெய்து, மூச்சை அடக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

"மச்சான், அண்ணிக்குச் செஞ்சத மன்னிச்சிருங்க" என்றான்.

"ஏலே, இங்க நான் ஒனக்கு மச்சான் இல்ல, வாத்தியாரு. சுடு."

இம்முறை குறி தப்பவில்லை. தேர்ச்சி என்று நானே எழுதினேன். என் வேலையில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தை மாதம் எங்கள் இருவருக்கும் விடுமுறை. ஊரில் நான் வாத்தியார் இல்லை. அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

சீருடையைக் கழற்றக் காத்திருக்கும்
உன் அண்ணன்