தெருவெல்லாம் ஒரே சீழ்க்கை

ஏலே, நேற்று மேசைமேல் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் என் செல்போன். மணி அடிக்கும் முன்பே ரேடியோ ‘டிர்ர், டிர்ர்’ என்று கரகரத்தது. “போன் வருது” என்றேன். வந்தது. என் மகள் என்னைச் சோதிடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நான் விளக்கவில்லை. விளக்கத் தெரிந்தவன் நீ, நீதான் போய்விட்டாயே.

எழுபதுகளில் நாம் கூட்டாக நடத்திய ரேடியோ ரிப்பேர் கடை நினைவுக்கு வந்தது. கூட்டு என்பது பெருமைக்குத்தான். நீ அறுந்த கம்பிக்கு ஈயம் வைப்பாய், நான் வந்தவர்களுக்கு ஊர்க்கதை வைப்பேன். ஸ்ரீவைகுண்டத்துப் பெண் வீட்டார் அந்தக் கடையைப் பார்த்துத்தான் எனக்குப் பெண் தரச் சம்மதித்தார்கள். என்னை மட்டும் பார்த்திருந்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பார்கள்.

அப்போது பார்த்தா அந்தச் சீழ்க்கை கிளம்ப வேண்டும்! சாயங்காலம் காற்று, கடல் நிலவரம் சொல்லும் நேரத்தில் தெருவிலிருந்த ரேடியோக்கள் எல்லாம் ஏறி இறங்கி ஊளையிட்டன. பழி நம் கடைமேல். மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அண்ணாச்சியின் தோணி சரக்கேற்றிக் கொழும்புக்குப் போயிருந்தது. புயல் சேதி கேட்க வேண்டிய நேரத்தில் சீழ்க்கை கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கடை போனால் கல்யாணமும் போகும் என்று நான் பித்துப் பிடித்தவன்போல் அலைந்தேன்.

நீ ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாய். அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, அதற்குள் இருக்கும் கருங்கம்பியின் முனை எந்தப் பக்கம் நீளும்போது சீழ்க்கை ஓய்கிறதோ, அந்தப் பக்கம் நடந்தாய். முனைக்கு நேரே வருகிற அலை அந்தக் கம்பியில் ஏறாதாம். தெருமுனையிலிருந்து பார்த்தாலும் கோயில் பக்கமிருந்து பார்த்தாலும் அது நம் கடையையே காட்டியது. கடையில் எல்லாவற்றையும் அணைத்தோம். சீழ்க்கை நிற்கவில்லை. நீ மெல்ல மாடியை நிமிர்ந்து பார்த்தாய்.

அண்ணாச்சியிடம் இருந்தது பழைய ஒற்றை வால்வு செட்டு. அதில் கம்பிச்சுருளுக்கும் கண்டன்சருக்கும் இடையே மின்சாரம் போவதும் வருவதுமாக ஆடும். ஆட்டம் அடங்கிவிடாமல் வால்வு உந்திவிடும். குமிழைத் திருகினால் உந்துதல் கூடும், சத்தமும் கூடும். அளவு மீறினால் செட்டு தானாகவே ஆடத் தொடங்கி, ஏரியல் வழியே அலையை வெளியே எறியும். எனக்குப் புரியவில்லை என்றதும் நீ தோணியை உதாரணத்துக்கு இழுத்தாய். கட்டிக் கிடக்கும் தோணியில் நின்று கால் மாற்றி மாற்றி ஆட்டினால், கிளம்புகிற அலை அடுத்த தோணியையும் ஆட்டுமே, அதுதான் இது என்றாய். சேதி சரியாகக் கேட்கவில்லையே என்று அண்ணாச்சி திருகியிருக்கிறார். சீழ்க்கை வந்ததும் அதை அமுக்க இன்னும் திருகியிருக்கிறார்.

எனக்குக் கொண்டாட்டம். டீக்கடையில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று செருப்பை மாட்டினேன். நீ சட்டையைப் பிடித்து நிறுத்தினாய்.

“வாயப் பொத்துல. தோணியில அவரு மவன்லா போயிருக்கான்.”

அது எனக்குத் தெரியாது. ஊர்க்கதை முழுக்கத் தெரிந்தவனுக்கு அது தெரியாது.

மாடிக்குப் போனோம். நீ அவர் கையைக் குமிழின்மேல் வைத்து, அதன்மேல் உன் கையை வைத்து, மெதுவாகப் பின்னால் திருப்பினாய். சீழ்க்கை இறங்கி, மறைந்து, காற்று நிலவரம் தெளிவாக வந்தது. மன்னார்க் கடலில் புயல் இல்லை.

“இதோட நிறுத்திக்கிடணும் அண்ணாச்சி. இதுக்கு மேல திருகுனா நீங்க கேக்கல, பேசுதீய.”

அவர் சேதி முடியும்வரை அசையவில்லை. பிறகு கேட்டார்: “தெரு பூராவுமால கேட்டுது?”

“எங்க கடையில கேட்டுது” என்றாய்.

அதற்குப்பின் அவர் கடையைக் காலி செய்வது பற்றிப் பேசவே இல்லை. மகன் திரும்பி வந்தான். என் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதும் அந்த அண்ணாச்சிதான். அவரும் போய்விட்டார், இனிச் சொன்னால் தப்பில்லை.

நீ செத்த அன்று துஷ்டி வீட்டில் எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள், கதை சொல்லுவேன் என்று. வாய்வரை வந்தது. நீ சட்டையைப் பிடித்து நிறுத்தியது நினைவுக்கு வர, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். நீ யார் யாருக்கு என்னென்ன செய்தாய் என்று அன்றுதான் கேட்டேன்.