வெள்ளைத்துரையின் கிராண்ட்

1936 ஜூன் 15, திங்கள்

தங்கப்பொண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சேர்த்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. உள்ளே பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. என் மகளை ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியில் உட்கார வைத்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் அதுதான் இடம். காசிமாயன் வாத்தியார் உள்ளே சொல்வது காதில் விழுந்தால் படிப்பு, விழாவிட்டால் இல்லை.

பள்ளிக்கூடத்தை நடத்துகிற மேனேஜர் வெள்ளைத்துரையிடமே போய்க் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "காத்தோட்டமா இருக்கட்டுமே, படிச்ச தாயி. உள்ள ஒரே புழுக்கம்."

படிச்ச தாயி! ஆமாம், மதராஸ் ஹாஸ்டலில் இருந்து இண்டர் பாஸ் செய்தேன். வாத்தியார் டிரெயினிங்கும் முடித்தேன். அப்பாவின் பட்டாளத்துக் காசு அத்தனையும் அதில்தான் கரைந்தது. என் மகள் ஜன்னலுக்கு வெளியே.

இருக்கட்டும் வெள்ளைத்துரை.

ஜூன் 17

கைக்குழந்தை அழகுமலைக்கு உடம்பு அனல். பெரியவள் வெயிலில் உட்கார்ந்து தலைவலி என்று வருகிறாள். யாரைப் பார்ப்பேன்?

ஜூன் 24

பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னது: "வருசத்துல ஒரு நா நம்ம பிள்ளைகளும் உள்ள உக்காரும்டி. இன்ஸ்பெக்டரு இன்ஸ்பெக்சனுக்கு வருவாருல்ல, அன்னைக்கு. எண்ணெ தேச்சு, தல சீவி, முன் பெஞ்சு, அவிச்ச கடலை. புது மாப்ளைக்குக்கூட அம்புட்டு உபசாரம் நடக்காது. மறுநா மரத்தடி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்தச் சாதிப் பிள்ளையையும் பிரித்து வைக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கிராண்ட் என்கிற மானியம் கிடையாது என்பது சர்க்கார் உத்தரவு. எங்கள் பிள்ளைகளைக் காட்டித்தான் கிராண்ட் வாங்குகிறார். கூரை ஓடு, வாத்தியார் சம்பளம், சுவரில் அவர் பேர் - எல்லாம் அந்த ஒரு நாள் உபசாரத்தில் வந்தவை.

ஜூலை 2

மனு எழுத உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் மருது தடுத்துவிட்டார். ஸ்டேஷனில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அலுப்பிலும் கோபப்படாமல்தான் சொன்னார். "பஞ்சாயத்து போர்டுக்கும் அவருதான் பிரசிடெண்டு. நம்ம தெருக் கெணத்துக்கு வந்த சர்க்கார் பணமும் அவரு கையிலதான் இருக்கு. நீ எழுதுனா கெணறு பாதியில நிக்கும், புள்ள."

அவர் சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் எரிகிறது. சர்க்கார் எதைக் கொடுத்தாலும் அந்த ஒரே ஆள் கை வழியாகத்தான் இங்கே வர வேண்டுமா?

ஜூலை 4

மனு இல்லை. எழுத்தே வேண்டாம். வேறு வழி இருக்கிறது.

ஜூலை 11

ஒன்பது பேருக்கும் போன திங்கள் சாயங்காலம் ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். காலையில் பிரேயர் பாட்டு முடிந்து மணி அடித்ததும் யார் முதலில் ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்காருகிறார்களோ, அவர்களுக்குக் கடலை உருண்டை. நாள்தோறும் உண்டு. இன்ஸ்பெக்‌ஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காசிமாயன் வாத்தியார் ஒச்சம்மாளிடம் மெச்சினாராம்: "பிள்ளைக இப்பத்தான் ஒழுங்குக்கு வந்துருக்கு."

ஜூலை 29

நடந்துவிட்டது. சந்தோஷமா, பயமா?

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் முன் பெஞ்சில் இருந்தார்கள், எண்ணெய் வழிய. வெள்ளைத்துரை கோட்டு மாட்டியிருந்தார். டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்ததும், தன் பள்ளிக்கூடத்து ஒழுங்கைக் காட்ட வேண்டுமென்று வெள்ளைத்துரையே பிரேயர் பாடச் சொன்னார். பாடினார்கள். மணி அடித்தது.

ஒன்பதும் ஒரே ஓட்டம்! வாசலைத் தாண்டி, இன்ஸ்பெக்டர் காலை மிதித்துக்கொண்டு, நேரே புங்கமரத்தடிக்கு. வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏய், உள்ள வாங்கடா!" - வாத்தியார்.

என் மகள்தான் பதில் சொன்னாள். "அது எங்க எடமில்லையே சார். இதுதான எங்க எடம்?"

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து மரத்தடியைப் பார்த்தார். பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து புல் செத்து, ஒன்பது மொட்டைத் திட்டுகள். நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெள்ளைத்துரைக்கு அப்படி வியர்த்தது. கோட்டுக்குள் ஒரே புழுக்கம்போல.

ஆகஸ்ட் 20

சரிசெய்யும்வரை கிராண்ட் நிறுத்தம் என்று உத்தரவு வந்துவிட்டது. ருசித்து ருசித்துச் சாப்பிட்டேன் இன்று.

ஆகஸ்ட் 22

கிணற்று வேலை நின்றுவிட்டது. கொத்தனார்களைப் போகச் சொல்லிவிட்டாராம். மருது என்னைத் திட்டவில்லை, திட்டினால் தேவலை. ஒச்சம்மாள் அக்கா ஆற்று ஊற்றுக்குக் குடம் எடுத்துப் போகிறாள். என்னால்தானே? இல்லை. அவரால். அவரால்தான்.

காசிமாயன் வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை. பாவம் என்று நினைத்தேன். பிறகு, அந்த மரத்தடியை அவரும்தானே தினமும் பார்த்தார் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 14

வெள்ளைத்துரை எங்கள் தெருவுக்கு வந்தார். இந்தத் தெருவில் அவர் கால் பட்டு யாரும் பார்த்ததில்லை. பாயை விரித்தேன். உட்காரவில்லை.

பிள்ளைகளை உள்ளே வைத்து, டிரெயினிங் முடித்த பெண் வாத்தியாரும் இருந்தால் கிராண்டைத் திரும்பத் தருவதாக ஆபீசில் சொன்னார்களாம். "ஒம்மக உள்ள உக்காரட்டும். நீயும் வந்து சேரு."

"எம்மக மட்டுமா?"

"மத்ததப் பெறகு பாப்போம் தாயி."

"ஒன்பது பேரும் உள்ள வரணும். அதுக்கு முந்தி எங்க கெணத்துல தண்ணி வரணும். அப்பத்தான் நான் வாரேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு போனார். போகட்டும். எனக்கு அவசரமில்லை, அவருக்குத்தான்.

அக்டோபர் 5

கிணற்றில் தண்ணீர். வேலையில் சேர்ந்தேன். ஒன்பது பேரும் உள்ளே.

அக்டோபர் 8

ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அத்தனை பெரிய அறையில் நானும் வாத்தியாரும் ஒன்பது பிள்ளைகளும். வெள்ளைத்துரை வாசலில் நின்று சிரித்தார். "பெஞ்சு கேட்டியே, இப்ப அம்புட்டும் ஒங்களுக்குத்தான்."

"சந்தோசங்க. பிள்ளைக தலைக்கணக்கு கொறஞ்சா கிராண்டும் போயிரும். அதையும் ஒங்ககிட்டச் சொல்லி வைக்கிறேன்."

சிரிப்பு நின்றதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அக்டோபர் 20

எங்கள் பிள்ளைகளை ஒரு நாள் இரவல் வாங்கின மனுஷன், இப்போது தன் சாதிக்காரர் வாசலில் நின்று பிள்ளை கேட்கிறார். ஊர்த்தெரு மாயக்காள் வீட்டில் கிடைத்த பதில்: "ஒங்க பேத்திய வீட்டுல பூட்டி வச்சுக்கிட்டு எம்பிள்ளையக் கேக்க வந்தீகளாண்ணே? மொதல்ல அவ போகட்டும்."

ஒச்சம்மாளை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மாயக்காளும் எங்களுக்காகப் பேசவில்லை, தெரியும். இருந்தாலும் இனித்தது.

அக்டோபர் 26

பேத்தி பாண்டியம்மாள் வந்தாள். பின்னாலேயே மாயக்காள் மகனும் மற்றவர்களும். பேத்தியை எங்கே உட்கார வைப்பது? இடம் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நிற்க வைத்தேன். அவள் தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கப்பொண்ணு பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பெஞ்சின் அந்த ஓரத்துக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

நவம்பர் 6

தங்கப்பொண்ணு கையில் சிவப்பாக ஒரு தடம். பதறிப்போனேன். யார் அடித்தது?

"பாண்டியம்மா கிள்ளிட்டாம்மா. என் பலப்பக் குச்சிய எடுக்க வந்தா, நான் தரலை."

"நீ என்ன செஞ்ச?"

"நானும் கிள்ளுனேன். கெட்டியா."

"அழுதாளா?"

"ரெண்டு பேரும் அழுதோம். பெறகு குச்சிய ஒடிச்சு ஆளுக்குப் பாதி."

விளக்கருகே கொண்டுபோய் அந்தக் கையைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டவளின் நகம், நன்றாகப் பதிந்திருக்கிறது. எண்ணெய் எடுத்து வந்தேன், தடவ மனசில்லை. அப்படியே தூங்கிவிட்டாள்.